அஞ்சு பீப்பாய் தண்ணீரும் ஒரு புல்வெளி நாயும்

வளைநோக்கி:
"மிசோரிக் கரையில் லூயிஸ், கிளார்க் குழு அஞ்சு பீப்பாய் தண்ணீர் ஊற்றி ஒரு புல்வெளி நாயை உயிரோடு பிடித்தது" என்று பக்கத்து இழையில் ஒருவர் அடித்து விட்டிருக்கிறார். அதற்கு லைக் வேறு குவிகிறது. புல்வெளி நாய் (prairie dog) என்பது மண்ணில் வளை தோண்டி வாழும் சின்னப் பிராணி. அமெரிக்க மேற்கை ஆராயப் போன அந்தப் பயணத்தில் 1804 செப்டம்பர் 7 அன்று கிளார்க் எழுதிய நாட்குறிப்பைப் பாருங்கள். ஏகப்பட்ட தண்ணீர் ஊற்றி ஒன்றைப் பிடித்தோம் என்பது ஒரு செய்தி. ஒரு வளைக்குள் அஞ்சு பீப்பாய் ஊற்றியும் நிரம்பவில்லை என்பது வேறு செய்தி. நிரம்பாத வளையிலிருந்து பிராணி எதற்கு ஐயா வெளியே வரும்?

மஞ்சள்கல்:
அந்த 'ஒருவர்' நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். அதே குழுவில் இருந்த சார்ஜென்ட் காஸ் எழுதியதை ஏன் அமுக்குகிறீர்கள்? காவலுக்கு நின்றவர்கள் போக மொத்தக் குழுவும் கெட்டில், பாத்திரம் எல்லாம் தூக்கிப்போய் இருட்டும்வரை மாரடித்து, கிடைத்தது ஒன்றே ஒன்று. ஒரே நாள், ஒரே காலனி (வளைகள் சேர்ந்திருக்கும் இடம்). அஞ்சு பீப்பாயும் அந்தக் கணக்குதான்.

வளைநோக்கி:
காலனி நாலு ஏக்கர். அதில் வளை ஒன்றுதானா? வாயிலிருந்து சுரங்கம் கிட்டத்தட்ட நேராக இறங்கும், பிறகு படுக்கையாக ஓடும், பக்கவாட்டில் அறைகள், பெரும்பாலும் இன்னொரு வாயும் உண்டு. அவர்கள் ஆறடி தோண்டி, கழியை விட்டுப் பார்த்தபோது பாதி ஆழம்கூட வரவில்லை. தண்ணீர் மளமளவென்று இறங்கினால்தான் மட்டம் ஏறும். கெட்டில் கெட்டிலாகச் சுமந்து வந்தால், அடுத்த கெட்டில் வருவதற்குள் காய்ந்த மண் குடித்துவிடும். அஞ்சு பீப்பாய் போன இடம் அதுதான். பிடிபட்டது வேறு வளை.

மஞ்சள்கல்:
'வேறு வளை' என்று கிளார்க் எந்த வரியில் எழுதினார்?

வளைநோக்கி:
'அதே வளை' என்று எந்த வரியில் எழுதினார்?

செடிகொடி:
178 தாவரம், 122 விலங்கு என்று பட்டியல் போடுகிற பயணம். நீங்கள் இன்னும் ஒரே பொந்துக்குள் இருக்கிறீர்கள். அந்தப் பயணத்தில் எடுத்து வந்த லூயிசியா ரெடிவிவா என்ற செடியின் உலர்ந்த வேர் மண்ணில் வைத்ததும் துளிர்த்ததே, அதைப் பேச ஆளில்லை. அதற்குப் பெயர் வைத்த தாவரவியலாளர் பர்ஷ், செடி மாதிரிகளில் ஒரு பங்கை லண்டனுக்குச் சுருட்டிக்கொண்டு போனதையும்தான்.

மஞ்சள்கல்:
சுருட்டினாரா! 1809இல் லூயிஸ் செத்துப்போனார், ஒரு இலையைக்கூட அச்சில் ஏற்றவில்லை. 1814இல் பர்ஷ் புத்தகம் போடாவிட்டால் அந்தச் செடிகளுக்கு ஏது பெயர்?

செடிகொடி:
பெயர் வைத்தால் பொருள் சொந்தமாகிவிடுமா? நல்ல நியாயம்.

அணில்கட்சி:
முதலில் அது நாயே இல்லை, அணில் குடும்பம். பிரெஞ்சு வியாபாரிகள் 'குட்டி நாய்' என்றார்கள், குரைப்பது போலக் கத்துவதால். தமிழிலும் நாய் நாய் என்று எழுத வேண்டுமா? தவிர, பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கனவே பேர் வைத்ததை இவர்கள் 'கண்டுபிடித்தார்கள்' என்பதும் வேடிக்கை. அறிவியல் பெயர் 1815இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஓர்ட் வைத்தது.

வளைநோக்கி:
நாயோ அணிலோ, அஞ்சு பீப்பாயில் அது வரவில்லை. கரடி இழையிலும் மஞ்சள்கல் இதையேதான் செய்தார்: இரண்டு நாள் குறிப்பை ஒன்றாக ஒட்டிவிட்டு, தான் பிடித்த முயலுக்கு மூணு கால்.

மஞ்சள்கல்:
கரடி இழையில் கடைசியில் வாயடைத்துப் போனது யார் என்று எல்லாருக்கும் தெரியும். பீப்பாய்க்கு எத்தனை காலன் என்றாவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

வளைநோக்கி:
31 காலன் என்று வைத்தால் அஞ்சுக்குச் சுமார் 590 லிட்டர். சின்னப் பீப்பாய் என்றால் குறையும். எப்படிப் போட்டாலும் 'நிரம்பவில்லை' என்பது மாறாது.

செடிகொடி:
இதில் கூத்து என்னவென்றால், மிசோரி ஆற்றின் கிரேட் ஃபால்ஸ் அருவிகள் பக்கம் லூயிஸ் குழுவினரே குழி வெட்டிச் சாமான் புதைத்தார்கள். 1806 ஜூலை 13 அன்று திறந்தால், ஆறு பெருகி உள்ளே இறங்கி, லூயிஸ் வைத்திருந்த செடி மாதிரி அத்தனையும் போச்சு. புல்வெளி நாய் வளையின் வாயைச் சுற்றி மண்ணைக் குவித்து வரம்பு கட்டும், மழைத்தண்ணீர் இறங்காது. இவர்களுக்கு அது தோன்றவில்லை.

அணில்கட்சி:
புல்வெளி அணில்.

மஞ்சள்கல்:
ஆக, தண்ணீர் ஊற்றினால் குழி நிரம்பும் என்று நீங்களே ஒத்துக்கொண்டாயிற்று.

வளைநோக்கி:
அது ஆறு. இது அஞ்சு பீப்பாய். அந்த வரியை மறுபடி படியுங்கள்.