பழைய டெஸ்க்டாப்பை ஹால் டிவியில மாட்டுறது எப்படி? வீடு மாத்துனதுல மானிட்டர் ஒடஞ்சு போச்சு

காவேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அம்மா தனியா இருக்காங்கனு போன மாசம் பெரம்பூர்ல இருந்து ஸ்ரீரங்கத்துக்கே வீட்ட மாத்திட்டு வந்துட்டோம். சாமான் ஏத்திட்டு வந்த வண்டியில மானிட்டர் ஒடஞ்சிருச்சு, மூலையில இருந்து மூலை வரைக்கும் கீறல், ஆனா சிபியூ மட்டும் நல்லபடியா வந்து சேந்துச்சு. 2012ல அசெம்பிள் பண்ணது: இன்டெல் ஐ3-2100, எச்61 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் இருக்கு, விண்டோஸ் 10. புது மானிட்டர் வாங்க மனசு வரல, ஹால்ல 43 இன்ச் டிவி இருக்கு, அதுலயே மாட்டி வீட்டுக்கு ஒரு மீடியா பாக்ஸ் மாதிரி வச்சுக்கலாம்னு பாக்குறேன்.

எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாத்தேன், படம் வருது, ஆனா நாலு பக்கமும் ஓரம் வெட்டிப் போகுது, டாஸ்க்பார் பாதிதான் தெரியுது. டிவியில சத்தம் வரல. ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் எஃப்1 அமுக்கச் சொல்லுது, தேதி 2011க்குப் போயிடுது, யூடியூப் தொறந்தா கனெக்ஷன் பாதுகாப்பா இல்லனு வருது. தேதிய கையால மாத்துனா தொறக்குது, ஆனா 1080ல வச்சா விட்டு விட்டு ஓடுது.

முக்கியமான விஷயம் இதுதான். அக்கா கல்யாணம் 2009ல நடந்துச்சு, மூணு டிவிடி இருக்கு. வீட்ல இருந்த டிவிடி பிளேயர் ரிப்பேராகி அஞ்சாறு வருஷம் ஆச்சு. அப்பா இப்ப இல்ல, அவர் நடமாடி பேசுற மாதிரி எங்ககிட்ட இருக்கறது அந்த டிவிடி மட்டும்தான். இங்க வந்ததுல இருந்து அம்மா ரெண்டு தடவ கேட்டுட்டாங்க, அதப் போட முடியுமாடானு. பொண்ணுக்கு ஏழு வயசு, தாத்தாவ அவ பாத்ததே இல்ல. இந்தப் பொட்டிய வச்சு உருப்படியா என்ன பண்ணலாம்னு சொல்லுங்க.

ராம்ஸ்லாட்:

ப்ரோ நீங்க சொன்ன எல்லாமே சரியாகுற பிரச்சனதான், போர்டு நல்லா இருக்கு, கவலப்படாதீங்க.

தேதி மாறுறது போர்டுல இருக்கற வட்ட செல் தீந்து போனதால, சிஆர்2032னு கேட்டா வாட்ச் கடையில கூட குடுப்பாங்க, அத மாத்திட்டு பயாஸ்ல (விண்டோஸ் வரதுக்கு முன்னாடி வர போர்டு செட்டிங்ஸ்) ஒரு தடவ தேதிய வச்சுட்டா எஃப்1 தொல்லையும் போயிடும். தேதி தப்பா இருந்தா வெப்சைட்டோட சர்டிஃபிகேட் இன்னும் ஆரம்பிக்காத மாதிரி ப்ரவுசருக்குத் தெரியும், யூடியூப் அதனாலதான் அடம் புடிக்குது.

ஓரம் வெட்டுறது டிவி பண்ற வேல. டிவி செட்டிங்ஸ்ல பிக்சர் சைஸ் போய் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன்னு ஏதாவது ஒரு பேர்ல இருக்கும், அதப் போடுங்க. சத்தத்துக்கு கீழ இருக்கற ஸ்பீக்கர் படத்துல ரைட் கிளிக் பண்ணி பிளேபேக் லிஸ்ட்ல டிவி பேர டீஃபால்ட்டா வைங்க, எச்டிஎம்ஐ வழியாவே சத்தமும் வரும், தனி ஒயர் வேண்டாம்.

யூடியூப் விட்டு விட்டு ஓடுறதுக்கு நெட்டு காரணம் இல்ல. யூடியூப் இப்ப வீடியோவ விபி9, ஏவி1ங்கற புது ஃபார்மட்ல சுருக்கி அனுப்புது, உங்க 2011 மாடல் சிப்புல இருக்கற வீடியோ பகுதிக்கு எச்.264தான் தெரியும், மத்தத எல்லாம் ப்ராசஸரே மூச்சு முட்ட பிரிக்குது. ப்ரவுசர்ல எச்264இஃபைனு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, போட்டுட்டா யூடியூப் எச்.264லயே அனுப்பும், 1080 வழுக்கிட்டு ஓடும். 1080க்கு மேல அதுல கெடைக்காது, உங்களுக்கு அது போதும்.

ரேம இன்னொரு 4 ஜிபி சேத்துக்கோங்க, டிடிஆர்3தான், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் யாராவது போனா செகண்ட் ஹேண்ட்ல வாங்கிக்கலாம். அப்புறம் ஒரு சின்ன எஸ்எஸ்டி, அதாவது உள்ள தட்டு சுத்தாத வேகமான டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்கோட விண்டோஸ் 10 ஓட்டுறதுதான் இந்த மெஷினோட பெரிய பாரம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, 11 இதுல முறைப்படி ஏறாது, அதனால பேங்க் வேல எதுவும் இதுல வச்சுக்காதீங்க.

வயர்மேன் மகன்:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு, தயவுசெஞ்சு இதப் படிச்சுட்டு மத்தது பண்ணுங்க. வீடு மாறி வந்திருக்கீங்க, ஸ்ரீரங்கம்னா பழைய வீடா இருக்கலாம், ஹால் பிளக்குல எர்த் இருக்கானு பாத்தீங்களா?

மூணு பின் சாக்கெட்ல மேல இருக்கற பெரிய ஓட்டதான் எர்த். ஓட்ட இருக்கும், பின்னாடி ஒயரே இருக்காது, நெறைய பழைய வீட்ல அப்படித்தான். எர்த் இல்லாம சிபியூ ஓடுனா அதோட எஸ்எம்பிஎஸ்ல, அதாவது பவர் சப்ளை பொட்டியில இருக்கற ஃபில்டர் கெபாசிட்டர் வழியா கேபினட் தகரத்துல கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் ஏறி நிக்கும், அதாவது நூறு நூத்திப் பத்து வோல்ட். கரண்ட் ரொம்பக் கம்மிங்கறதால ஆளத் தூக்கிப் போடாது, கைய வச்சா சுர்ருனு இருக்கும், டெஸ்டர் வச்சா எரியும். ஆனா அதே நேரம் எச்டிஎம்ஐய சொருகுனீங்கனா அந்த வோல்டேஜ் கேபிள் வழியா டிவி போர்டுக்குப் பாயும். டிஷ் ஒயர் எங்கயாவது கம்பியில பட்டு தரையோட சேந்திருந்தா இன்னும் மோசம். எங்க வீட்டு டிவியோட ஒரு எச்டிஎம்ஐ போர்ட் இப்படித்தான் போச்சு, போர்டு மாத்துறதுக்கு கேட்ட காசுக்கு பாதி டிவி வாங்கிடலாம்.

அதனால முதல்ல ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு ஹால் சாக்கெட்டுக்கு எர்த் வருதானு பாக்கச் சொல்லுங்க, இல்லனா இழுத்துடச் சொல்லுங்க, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இல்லனா அதையும் மாட்டிடுங்க, வீட்ல சின்னக் கொழந்த இருக்கு. சிபியூவும் டிவியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருக்கட்டும், அது மூணு பின் பாக்ஸா இருக்கணும். எச்டிஎம்ஐ சொருகுறதும் புடுங்குறதும் ரெண்டு பிளக்கையும் கழட்டி வச்சுட்டு மட்டும்தான். இது ஒரு பழக்கமா வந்துடணும்.

தஞ்சை மீனா:

தம்பி, கல்யாண டிவிடி விஷயத்துக்கு மட்டும் நான் வரேன், எங்க வீட்லயும் இதே கததான் நடந்துச்சு.

அந்த மூணு டிஸ்க்கையும் அடிக்கடி போட்டுப் பாக்கற வேலையே வச்சுக்காதீங்க. ஸ்டூடியோவுல குடுக்கறது கடையில விக்கிற சினிமா டிவிடி மாதிரி அச்சடிச்சது கிடையாது, சாயப் பூச்சுல லேசர் வச்சு எழுதுனது, வெயிலும் சூடும் பட்டா அந்தச் சாயம் போயிடும், அப்புறம் என்ன பண்ணாலும் வராது. 2009ல எழுதுனதுனா இப்பவே காப்பி எடுக்கறதுதான் நல்லது, இன்னிக்கே எடுங்க. உங்க பழைய சிபியூல டிவிடி டிரைவ் இருக்கு பாருங்க, இப்ப வர லேப்டாப்ல பெரும்பாலும் அது இல்ல, அதனால அந்தப் பொட்டிக்கு முதல் வேலையே இதுதான்னு நான் சொல்வேன்.

டிஸ்க்க தொடைக்கும்போது மெத்துனு இருக்கற பருத்தித் துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா தொடைங்க, வட்டமா தொடைக்காதீங்க, வட்டமா விழற கீறல படிக்கறது டிரைவுக்கு கஷ்டம். உள்ள விடியோ டிஎஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொண்ணும் 1 ஜிபி அளவுல துண்டு துண்டா விஓபி ஃபைல் கெடக்கும். முதல்ல அந்த ஃபோல்டர அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. அப்புறம் மேக்எம்கேவினு ஒரு சாஃப்ட்வேர், அது அந்தத் துண்டெல்லாம் சேத்து ஒரே எம்கேவி ஃபைலா குடுக்கும், படத்த கைவைக்காது, டப்பா மட்டும்தான் மாறும். யாராவது சைஸ் கம்மி பண்ணித் தரேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு டிஸ்க்கு மொத்தமே 4.7 ஜிபிதான், இத சுருக்கி என்ன மிச்சம் பண்ணப் போறோம்?

பெரிய டிவியில போட்டா ஆளுங்க அசையும்போது சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியும், பயப்படாதீங்க. அந்தக் காலத்துக் கேமராவுல ஒரு ஃப்ரேம ரெண்டு பாதியா எடுத்தது, 720க்கு 576 பிக்சல். விஎல்சி பிளேயர்ல டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணுங்க, கோடு போயிடும். படம் கொஞ்சம் மங்கலாதான் இருக்கும், அத அப்படியே விடுங்க.

எடுத்த காப்பிய அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்ல மட்டும் வச்சுக்காதீங்க. பதிமூணு பதினாலு வருஷ டிஸ்க், லாரியில குலுங்கி வேற வந்திருக்கு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோனு டிஸ்க்கோட நெலமைய சொல்ற சாஃப்ட்வேர் போட்டு குட்னு காட்டுதா காஷன்னு காட்டுதானு பாருங்க, எது காட்டுனாலும் வெளி டிஸ்க்ல ஒரு காப்பி, அக்கா வீட்ல ஒரு காப்பி.

பென்டிரைவ்:

அண்ணா நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஓடிடி பாக்கறதுக்கு இந்தப் பொட்டிய நம்பாதீங்க. ப்ரவுசர்ல, அதுவும் லினக்ஸ்ல, பெரிய ஓடிடி எதுவும் முழு தரத்துல குடுக்காது, காப்பி பாதுகாப்பு ஹார்ட்வேர்ல இல்லனு கொறச்சுதான் அனுப்புவாங்க, எந்த எக்ஸ்டென்ஷன் போட்டும் தீராது. அது டிவியிலயே இருக்கற ஆப்ல பாருங்க, இல்லனா டிவியில சொருகுற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒண்ணு வாங்குங்க. புது ஃபோன்ல எடுத்த 4கே வீடியோவும் இதுல திக்கும், எச்.265 இந்தச் சிப்புக்கு தெரியாது. ஒண்ணு ரெண்டு எம்கேவி மட்டும்னா பென்டிரைவ்ல போட்டு டிவி பின்னாடி சொருகுனாகூட பல டிவியில ஓடிடும்.

ஆனா வீட்ல இருக்கற எல்லாத்தையும் ஒரே எடத்துல, கல்யாணம், காதுகுத்து, அம்மாவோட பழைய எம்பி3 பாட்டு, ஃபோட்டோனு வச்சு அம்மாவே எடுத்துப் பாக்கணும்னா லிப்ரிஎலெக் போடுங்க. அது கோடிங்கற மீடியா பிளேயர மட்டும் ஓட்டுறதுக்குனே செஞ்ச ஓஎஸ். கோடி 2002ல எக்ஸ்பாக்ஸ் கேம் பாக்ஸுக்காக ஆரம்பிச்சது, அப்பவே சோஃபாவுல ஒக்காந்துட்டு பாக்கற மாதிரி செஞ்சதால எழுத்தெல்லாம் பெருசா இருக்கும், மவுஸே வேண்டாம். ஒரு 8 ஜிபி பென்டிரைவ்ல ஏத்தி அதுலயே பூட் பண்ணலாம், விண்டோஸ தொடவே வேண்டாம், புடிக்கலனா கழட்டிட்டா பழையபடி வந்துடும். டவுன்லோட் பண்ற எடத்துல ஜெனரிக்னு ஒண்ணு இருக்கும், அதுல படம் சரியா வரலனா ஜெனரிக் லெகசி எடுங்க. பூட் மெனு கீ ஜிகாபைட் போர்டுனா எஃப்12, ஏசுஸ்னா எஃப்8. ஏத்தும்போது பென்டிரைவ்தான் செலக்ட் ஆயிருக்கானு ரெண்டு தடவ பாருங்க, தப்பா வேற டிரைவ குடுத்துட்டா அதுல இருக்கறது எல்லாம் போயிடும்.

டிவி ரிமோட் இதுக்கு வேல செய்யாது, கம்ப்யூட்டர் எச்டிஎம்ஐல அந்த வசதி பொதுவா இருக்காது. ஃபோன்ல கோரேனு கோடியோட சொந்த ஆப் இருக்கு, உங்களுக்கு அது போதும். அம்மாவுக்கு மட்டும் யூஎஸ்பி டாங்கிளோட வர சின்ன ஏர் மவுஸ் ரிமோட் ஒண்ணு வாங்கிக் குடுங்க, மேல கீழ ஓகே பேக், நாலே பட்டன்தான்.

வயர்மேன் மகன்:

கரண்ட் கணக்கையும் சொல்லிடறேன். இந்த மாதிரி டெஸ்க்டாப் சும்மா இருந்தாலே சுமாரா 50 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடுனா 1.2 யூனிட், நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ரீடிங் எடுக்கறதால அது 72 யூனிட் ஆகும், வீட்ல ஏசி இருந்து ஏற்கனவே 500ஐ ஒட்டி இருந்தீங்கனா ஸ்லாப் மாறி பில்லு நல்லாவே ஏறும். தெனமும் அஞ்சு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 15 யூனிட்தான். அதனால சர்வர் மாதிரி எப்பவும் ஓட விடாதீங்க, பாக்கும்போது ஆன் பண்ணுங்க போதும். லிப்ரிஎலெக் எஸ்எஸ்டில இருந்தா சட்டுனு வந்துடும்.

காவேரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பத்து நாள் கழிச்சு வரேன். வயர்மேன் மகன் அண்ணா, நீங்க சொன்னதுதான் நடந்திருக்கும். எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்ட தொறந்தார், எர்த் ஒயரே இல்ல, கேபினட்ல டெஸ்டர் பளிச்சுனு எரிஞ்சுது. நல்லவேள டிவிக்கு ஒண்ணும் ஆகல. ஹாலுக்கு தனியா எர்த் இழுத்தாச்சு, ஆர்சிசிபியும் போட்டாச்சு.

செல் மாத்துனதும் தேதி நிக்குது. ரேம் இன்னும் வாங்கல. பென்டிரைவ்ல ஜெனரிக்கே ஓடிருச்சு. ஹார்ட் டிஸ்க் காஷன் காட்டுச்சு, அதனால மீனா அக்கா சொன்ன மாதிரி எல்லாத்தையும் முதல்ல வெளி டிஸ்க்குக்கு எடுத்துட்டேன்.

முதல் டிவிடி சுத்தமா வந்துச்சு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் போட்டோம். அப்பா மண்டப வாசல்ல நின்னு எல்லாரையும் உள்ள போங்க உள்ள போங்கனு சொல்லிட்டு இருக்கார், துண்டு சரியுது, சரி பண்றார், மறுபடி சரியுது. பொண்ணு அந்த எடத்தயே திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னா. அம்மா பேசல, ரிமோட்ட மட்டும் கையில வாங்கிக்கிட்டாங்க.

ரெண்டாவதும் ஓகே. மூணாவதுல கீறல் அதிகம், பாதியில காப்பி நின்னுடுது, அதுலதான் அக்காவையும் மாப்பிளையையும் வழியனுப்புற காட்சி. வேற வழி ஏதாவது இருக்கா?

தஞ்சை மீனா:

இருக்கு தம்பி. லினக்ஸ்ல டிடி ரெஸ்க்யூனு ஒண்ணு, லினக்ஸ் மின்ட்ட லைவா, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே பூட் பண்ணி போட்டுக்கலாம். அது கெட்ட எடத்துல முட்டிட்டு நிக்காம தாண்டிப் போய் நல்லது எல்லாத்தையும் முதல்ல எடுத்துட்டு, அப்புறம் விட்டுப்போன எடத்துக்கு திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமா படிக்கும். மேப் ஃபைல் ஒண்ணு குடுத்து ஓட்டுங்க, எது எடுத்தாச்சு எது பாக்கினு அதுல குறிச்சு வச்சுக்கும், நடுவுல கரண்ட் போனாலும் விட்ட எடத்துல இருந்து தொடரலாம். எடுக்கற காப்பி, மேப் ஃபைல் ரெண்டையுமே வெளி டிஸ்க்ல வைங்க, லைவ்ல வச்சா ஆஃப் பண்ணதும் அழிஞ்சிடும். இன்னொருத்தர் வீட்டு டிவிடி டிரைவ் கெடச்சா அதே மேப் ஃபைலோட அதுலயும் ஓட்டுங்க, ஒரு டிரைவுக்கு படிக்க முடியாதது இன்னொண்ணுக்கு முடியும். எங்க அண்ணன் கல்யாண டிஸ்க்குக்கு மூணு டிரைவ் மாத்துனோம்.

காவேரிக்கரை:

அக்கா, நேத்து ராத்திரி போட்டேன், காலையில 96 சதவீதம் எடுத்திருந்துச்சு. எதிர் வீட்ல ஒரு பழைய சிபியூ இருக்காம், சாயங்காலம் போய் டிரைவ கழட்டிட்டு வரேன்.