சும்மா கிடக்கும் பணம்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

வளர்மதி
அத்தையின் கணக்குப் புத்தகம் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. வீடு விற்ற பணம் முழுவதும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்திருக்கிறது. இருப்புத் தொகைகள் மீது விரலை ஓட்டி, "பார், ஒரு முறைகூடக் குறையவில்லை" என்றார். எண் குறையவில்லைதான். ஆனால் வட்டி 3 சதவீதம், பணவீக்கம் 6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம் கரைகிறது. ஒரு தொகை பாதியாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தோராயமாக அறிய, 72-ஐக் கரையும் சதவீதத்தால் வகுப்பார்கள்: 72-ஐ 3-ஆல் வகுத்தால் 24. அத்தனை ஆண்டில் வாங்கும் திறன் பாதியாகிவிடும். வேறு இடத்தில் ஈட்டியிருக்கக்கூடியதை இதில் சேர்க்கவே இல்லை. இந்த இழப்பு எந்தப் புத்தகத்திலும் பதிவாவதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கரையோரம்
சந்தை விழட்டும் என்று பல ஆண்டுகள் காத்திருந்தார் என் நண்பர். 2020 மார்ச் வந்தது. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு ஐந்து வாரத்துக்குள் 34 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. அவர் கேட்ட விலை கிடைத்துவிட்டதே என்று அழைத்துப் பேசினேன். "இது ஆரம்பம்தான், இன்னும் பாதி விழும்" என்றார். அத்தனை திடமாகப் பேசுபவரின் குரல் அன்று நடுங்கியது. ஆகஸ்டிலேயே குறியீடு பழைய உச்சத்தைக் கடந்துவிட்டது.

முல்லை
நீங்கள் இருவரும் கையிருப்பை ஏதோ குற்றம் போலப் பேசுகிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கணவருக்கு வேலை போன அதே மாதம் மாமியாருக்கு அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் முன்பணம் கேட்டபோது, கணக்கில் இருந்ததை அப்படியே செலுத்தினேன். சந்தை அப்போது படுபள்ளத்தில் இருந்தது. பங்குகளில் போட்டிருந்தால் பாதி விலைக்கு விற்றிருக்க வேண்டும். பணம் வைத்திருப்பதற்கான காரணங்களில் ஒன்றாக முன்னெச்சரிக்கையைப் பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936-லேயே சொல்லிவிட்டார். அமெரிக்க முதலீட்டாளர் பஃபெட், நிதி நெருக்கடி வெடித்த 2008 செப்டம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் 500 கோடி டாலர் போட்டு, ஆண்டுக்கு 10 சதவீத ஈவுத்தொகை பெற்றது கையில் பணம் இருந்ததால்தானே?

பேரேடு
கணக்குப் பார்ப்பது என் தொழில். ஒரு வாடிக்கையாளர் கடன் அட்டை பாக்கிக்கு 18 சதவீத வட்டி கட்டிக்கொண்டே, 3 சதவீதக் கணக்கில் அதைவிடப் பெரிய தொகையை வைத்திருந்தார். "அது வேறு பணம்" என்று அழுத்தமாகச் சொன்னார்.

எல்லாரும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அதிக வட்டிக் கடனை அடையுங்கள். 18 சதவீதத்தை உறுதியாக மிச்சப்படுத்தும் முதலீடு வேறில்லை. பிறகு மூன்று முதல் ஆறு மாதச் செலவைத் தனியே வையுங்கள். வருமானம் நிலையற்றது என்றால் இன்னும் கூடுதலாக. ஓரிரு ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடாதீர்கள். பணச்சந்தை நிதியையும் (குறுகியகாலக் கடன்பத்திரங்களில் போடும் நிதி) வங்கி வைப்பையும் ஒன்றாக நினைக்காதீர்கள்: 2008-இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, அதன் கடன்பத்திரங்களை வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச்சந்தை நிதியின் ஒரு டாலர் யூனிட் 97 சென்டுக்கு இறங்கியது. மீதியை ஒரே தவணையில் போடுவதா, பிரித்துப் போடுவதா? முதலீட்டு நிறுவனமான வான்கார்டு 2012-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியச் சந்தைகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தருணங்களில் ஒரே தவணையே முந்தியது. பயம் அதிகம் என்றால் பிரித்தே போடுங்கள், ஆனால் தேதிகளை இன்றே முடிவு செய்யுங்கள்.

கரையோரம்
முல்லை, உங்கள் அவசர நிதியை நான் குறை சொல்லவே இல்லை. அது தன் வேலையைச் செய்தது. பஃபெட் உதாரணம்தான் பொருந்தவில்லை. அவர் நடத்திவந்த நிறுவனமான பெர்க்‌ஷயரின் கையிருப்பில் பெரும்பகுதி குறுகியகால அரசுக் கடன்பத்திரங்களில் வட்டி ஈட்டிக்கொண்டே இருக்கிறது. அதோடு, விலை இறங்கிய நாளில் அவர் வாங்கினார். என் நண்பர் எந்த விலையில், எவ்வளவு வாங்குவது என்று முன்கூட்டி முடிவு செய்திருக்கவே இல்லை. நான் பேசுவது அந்தப் பணத்தைப் பற்றி மட்டும்தான்.