சிபிஆர் நடக்கும்போது நெற்றியில் நிர்ஸ் சென்சார்: பார்த்தவற்றைப் பகிருங்கள்

மயக்கவியல் மருத்துவர்
நிர்ஸ் (நெற்றி வழியாக அண்மை அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி மூளையின் ஆக்ஸிஜனை அளப்பது) பைபாஸ் தியேட்டரில் தினமும் பார்க்கும் கருவிதான். ஆனால் கோட் ப்ளூவில் (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பில்) மாட்டினால் அதே எண்ணை வேறு மாதிரிப் படிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்குத் துடிப்பு வேண்டும், சிபிஆரில் (மார்பை அமுக்கி ரத்தத்தை ஓடவைக்கும்போது) அதை நம்ப முடியாது. நிர்ஸுக்குத் துடிப்பு தேவையில்லை. இன்வாஸ் என்ற நிர்ஸ் கருவியின் சென்சாரில் 730, 810 நானோமீட்டர் ஒளி போகிறது, 3 செ.மீ., 4 செ.மீ. தூரத்தில் இரண்டு டிடெக்டர்கள். கிட்டத்தில் இருப்பது பெரும்பாலும் தோலையும் மண்டையோட்டையும் பார்க்கும், தள்ளி இருப்பது அவற்றோடு மூளையின் மேற்பரப்பையும் சேர்த்துப் பார்க்கும். முன்னதைக் கழித்தால் கிடைப்பதுதான் ஆர்எஸ்ஓ2 (அந்தப் பகுதி ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவு, சதவீதத்தில்). அதில் முக்கால்வாசி சிரை ரத்தம். ஆகவே அது காட்டுவது எவ்வளவு ஆக்ஸிஜன் போய்ச் சேர்ந்தது என்பதை அல்ல, மூளை எடுத்தது போக மிச்சம் எவ்வளவு என்பதை.

ஆரோக்கியமானவருக்கு ஏறக்குறைய 60 முதல் 80. இன்வாஸ் 15-க்குக் கீழே காட்டாது. திரையில் 15 அசையாமல் நின்றால் உண்மையான அளவு அதற்கும் கீழே எங்கேயும் இருக்கலாம்.

ஐசியு செவிலியர்
ஒட்டுவதைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை, பாதிப் பிரச்சினை அங்கேதான். இதற்காக அமுக்குவதை ஒரு நொடிகூட நிறுத்தக்கூடாது. தலைமாட்டில் நிற்பவர் செய்ய வேண்டிய வேலை இது, அதுவும் ஏர்வே (மூச்சுவழி) வேலை முடிந்த பிறகு.

வியர்வையை உலர்ந்த காஸால் துடைக்கவும். ஸ்பிரிட் போட்டால் முழுக்கக் காயட்டும், ஈரத்தில் ஒட்டினால் அடுத்த சுற்றுக்குள் உரிந்துவிடும். புருவத்துக்குச் சற்று மேலே, நடுக்கோட்டை விட்டு விலகி, முடி படாமல் ஒட்டவும். நடுவில் ஒட்டினால் கீழே ஓடும் பெரிய சிரைக்குழாயைத்தான் அளப்பீர்கள். நெற்றியில் ரத்தக்கட்டு இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். கேபிளைக் காதுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டர் போட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் அமுக்குகிற அதிர்வில் சென்சாரின் ஓரம் தூக்கும், வெளி வெளிச்சம் உள்ளே போகும்.

2 நிமிடத்துக்கு ஒருமுறை இதய ரிதம் பார்க்கும்போது ஈடிசிஓ2 (வெளிமூச்சின் முடிவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு), ஆர்எஸ்ஓ2 இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். தனி எண்ணால் பயனில்லை, வரிசையாக இருந்தால்தான் ஏதாவது புரியும்.

அவசரப் பிரிவு மருத்துவர்
சிஸ்டர் சொன்ன வரிசைதான் முக்கியம். உதாரணத்துக்கு 38, 36, 32 என்று இறங்கி, ஆள் மாறியதும் 37-க்கு ஏறினால், முதலில் அமுக்கியவர் களைத்துவிட்டார் என்று அர்த்தம்.

ஏறவே இல்லையா? மருந்தைத் தேடுவதற்கு முன் கையைப் பாருங்கள். ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே வர வேண்டும். மெத்தை அமுங்குகிறதா, கீழே பலகை இருக்கிறதா என்று பார்க்கவும். அதற்கடுத்து மூச்சு கொடுக்கும் பை. டியூப் போட்ட பிறகு நிமிடத்துக்கு 10 மூச்சு போதும். பதற்றத்தில் 25, 30 என்று போய்விடுவது சகஜம். அப்போது இரண்டு வகையில் கெடுதல்: மார்புக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், கார்பன் டை ஆக்சைடு இறங்கி மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கும். இவ்வளவும் சரியாக இருந்தும் எண் அசையவில்லை என்றால் டென்ஷன் நியூமோதோராக்ஸ் (மார்புக்குள் காற்று அடைத்து அமுக்குவது), டேம்பனேட் (இதய உறைக்குள் ரத்தமோ நீரோ தேங்கி இதயத்தை அமுக்குவது) இரண்டையும் தேடுங்கள்.

ராஸ்க் (இதயம் மறுபடி தானாக அடித்து ரத்தம் ஓடுவது) வந்தால் ஈடிசிஓ2 சட்டென்று எகிறும், ஆர்எஸ்ஓ2 பின்னாலேயே மெதுவாக ஏறும். அது ஏறட்டும் என்று காத்திருந்து பல்ஸ் பார்க்காதீர்கள்.

மருத்துவ மாணவர்
எந்த எண்ணுக்குக் கீழே போனால் சிபிஆரை நிறுத்தலாம் சார்?

மயக்கவியல் மருத்துவர்
அப்படி ஓர் எண் கிடையாது. ஜப்பானின் ஜே-பாப் ஆய்வில் (2014) 672 பேருக்கு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்ததும் அளந்தார்கள். 42-க்கு மேல் இருந்தவர்களுக்கு நரம்பியல் ரீதியாக நல்ல முடிவு கிடைத்த வாய்ப்பு அதிகம். பார்னியா குழு 2016-இல் மருத்துவமனைக்குள் நின்ற 183 இதயங்களைப் பார்த்தது: ராஸ்க் வந்தவர்களின் சராசரி 51.8, வராதவர்களுடையது 40.9. வித்தியாசம் தெளிவுதான். ஆனால் இரு கூட்டமும் ஒன்றோடொன்று நன்றாகவே கலந்து கிடக்கிறது. கூட்டத்தின் சராசரியை வைத்து ஒரு கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1996-இல் ஷ்வார்ட்ஸ் குழு இறந்துபோன 18 பேரின் நெற்றியில் அளந்தபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கு, ஆரோக்கியமானவர்களிடம் கண்ட மிகக் குறைந்த அளவைவிட அதிகமாகவே காட்டியது. செத்த மூளை ஆக்ஸிஜனை எடுக்காது, மிச்சம் அப்படியே நிற்கும்.

பயோமெடிக்கல் பொறியாளர்
அந்த 42-ஐ அப்படியே எடுத்துக்கொள்வதில் வேறொரு சிக்கலும் உண்டு. மெலனின் இந்த ஒளியை உறிஞ்சும். கருத்த தோலில் சில கருவிகள் குறைத்துக் காட்டும். ஜப்பானிய நெற்றிகளில் கிடைத்த எல்லைக்கோட்டை நம் ஊர் நெற்றியில் அப்படியே கோடு போட்டுப் பார்ப்பது சரியல்ல. மஞ்சள் காமாலை, கடும் ரத்தசோகை இரண்டிலும் எண் கீழேதான் இருக்கும்.

இன்வாஸ், ஃபோர்சைட், ஈக்வானாக்ஸ் மூன்றும் ஒரே எண்ணைத் தராது. ஒவ்வொன்றிலும் அலைநீளமும் கணக்குப் போடும் முறையும் வேறு. ஒரு கருவியின் எல்லையை இன்னொன்றில் வைத்துப் பேசாதீர்கள். நடுவில் கருவி மாற்றினால் டிரெண்டும் அங்கேயே முடிந்தது.

சென்சார் ஒருமுறை உபயோகத்துக்கு. விலைக்குப் பயந்து, பசை போனதைப் பிளாஸ்டர் போட்டு அடுத்தவருக்கு ஒட்டுவது நடக்கிறது. கிருமி ஒரு பக்கம் இருக்கட்டும், ஓரத்தில் வெளிச்சம் கசிந்து வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

பெர்ஃப்யூஷனிஸ்ட் (இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர்)
இசிபிஆரில் (சிபிஆர் நடக்கும்போதே எக்மோவில் இணைப்பதில்) இது உண்மையிலேயே கைகொடுக்கும். தொடை வழியாக விஏ எக்மோ (சிரையில் ரத்தத்தை எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் தமனியில் விடும் இயந்திரம்) ஓடுகிறது, இதயம் மெல்ல மறுபடி அடிக்க ஆரம்பிக்கிறது, நுரையீரல் இன்னும் மோசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆக்ஸிஜன் ஏறாத ரத்தத்தை இதயமே மேலே தள்ளும். வலது நெற்றிதான் முதலில் இறங்கும். அந்த நேரத்தில் தொடையில் எடுத்த ஏபிஜி (தமனி ரத்த வாயு சோதனை) அருமையாக இருக்கும், ஏனென்றால் அது எக்மோவின் ஆக்ஸிஜனேட்டரிலிருந்து வரும் ரத்தம். வலது மணிக்கட்டில் எடுங்கள். எஸ்பிஓ2 (பல்ஸ் ஆக்ஸிமீட்டர்) புரோபும் வலது கையில். வெண்டிலேட்டரில் ஆக்ஸிஜனும் பீப்பும் (மூச்சின் முடிவில் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தம்) கூட்டிப் பார்த்து, போதவில்லை என்றால் விஏவி (ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தில் ஒரு பங்கைச் சிரைக்கும் விடும் முறை) ஆக மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் காரணம் வேறு: ஃப்ளோ (எக்மோ ரத்த ஓட்டம்), ஹீமோகுளோபின், ஸ்வீப் (எக்மோவில் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் வாயு ஓட்டம்). எக்மோ போட்ட கையோடு ஸ்வீப்பை ஏற்றி வைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஒரேயடியாக விழுந்து மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். குறைவாகத் தொடங்கி ஏபிஜி பார்த்து ஏற்றுங்கள்.

ஐசியு மருத்துவர்
ராஸ்க் வந்த பிறகு எண்ணைத் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெல்ஜியத்தின் நியூரோப்ரொடெக்ட் ஆய்வில் சராசரி ரத்த அழுத்தத்தை 85 முதல் 100 வரை வைத்தார்கள். ஆர்எஸ்ஓ2 ஏறியது, எம்ஆர்ஐயில் மூளைச் சேதம் குறையவில்லை. பின்லாந்தின் கோமாகேர் ஆய்விலும் கார்பன் டை ஆக்சைடையும் ஆக்ஸிஜனையும் இயல்பின் மேல்பக்கம் வைத்தபோது எண் ஏறியது, என்எஸ்இ (மூளைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பொருள்) இறங்கவில்லை. அதனால் எஸ்பிஓ2 94–98, பிஏசிஓ2 (தமனி ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு) 35–45, இவற்றைக் காப்பாற்றினால் போதும். நிர்ஸ் திடீரென்று சரிந்தால் மட்டும் எழுந்து போய்ப் பாருங்கள்: டியூப் நகர்ந்ததா, யாராவது வெண்டிலேட்டர் ரேட்டைக் கூட்டினார்களா, நடுக்கம் வந்துவிட்டதா, அல்லது சென்சார்தான் உரிந்துவிட்டதா.