ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள், 2,85,000 ரூபாய்: கொடுக்கலாமா?

மண்டபம் நண்டு வியாபாரி:

எல்லோருக்கும் வணக்கம். தேவிபட்டினம், முள்ளிமுனை, காரங்காடு என்று விடியற்காலையில் கரைக்குப் போய் நண்டு எடை போட்டு எடுத்து வருவது என் தொழில். வள்ளத்தில் வழுக்கி விழுந்து இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து என்னால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் மதுரையில் பழைய கார் விற்பவர் ஒருவரிடம் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினேன். 2017ஆம் ஆண்டு டீசல் கார், ஆறு கியர், விலை 5,40,000 ரூபாய். இப்போது 91,000 கிலோமீட்டர் காட்டுகிறது.

மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை. உச்சிப்புளி தாண்டி, சாலை நேராகக் கிடக்கும் இடத்தில் 60, 70 வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி மொத்தமும் உதறுகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உதறல் நின்றுவிடுகிறது. காலையில் முதல் தடவை எடுக்கும்போது கியர் விழவே தாமதமாகிறது. விழும்போது ஒரு இடி. இப்போது மஞ்சள் விளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, புதிது போட 2,85,000 ரூபாய் என்று சொல்லிவிட்டார்கள். ஆயிலைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். இந்த வண்டிக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை என்று பதில் வந்தது. தடைக்காலம் வேறு. ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதை வைத்துத்தான் பிழைப்பு. வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் கியர்பாக்ஸுக்கே கொட்டுவது நியாயமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:

யோசிக்காமல் விற்றுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் எல்லாம் நகரத்துக்காரர்களுக்கு. நம் ஊருக்குக் கையால் போடும் கியர்தான் சரி.

மண்டபம் நண்டு வியாபாரி:

முழங்காலைப் பற்றி எழுதியதைப் படிக்கவில்லையா அண்ணே? விளக்கு எரிகிற வண்டியை யார் வாங்குவார் என்றும் சொல்லிவிடுங்கள்.

பரமக்குடி வாத்தியார்:

ஆட்டோமேட்டிக் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. என்னிடம் இருப்பது ஏ.எம்.டி. 2014இல் மாருதி செலெரியோவில் வந்து பரவியது இந்த வகைதான். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் போடும் வேலையையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போகும் கூட்டத்தில் பாம்பன் பாலத்து ஏற்றத்தில் சிக்கினால் இந்த வகையில் பிரேக்கில் கால் வைத்து நிற்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலம் இறங்குவதற்குள் கிளட்ச் தட்டு கருகிய வாடை அடிக்கும். ஆனால் அது கிளட்ச் மாற்றும் செலவோடு போகும், லட்சத்துக்குப் போகாது.

பெரிய வம்பு இரட்டைக் கிளட்ச் வகையில்தான், அதிலும் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் உள்ளவற்றில். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு வண்டிகளில் இந்த உதறலைப் பற்றிப் புகார் செய்தவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வழக்கு நீதிமன்றம் போய், 2018இல் அந்த நாட்டு ஃபோர்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் எழுதுங்கள் ஐயா.

கீழக்கரை காக்கா:

வாத்தியார் கேட்டதற்கு நானே சொல்கிறேன். 2017, டீசல், ஆறு கியர், மெதுவாகப் போனால் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் வகை, அதாவது எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்கு ஆயில் வழியாகக் கடத்துகிற வகை. ஆட்டோமேட்டிக்கிலேயே உழைப்பாளி அதுதான். ஷார்ஜாவில் என் பட்டறைக் காலம் முழுக்க இந்தப் பெட்டிகளோடுதான் போனது. அங்கே கிளட்ச் உள்ள கார் பட்டறைக்கு வந்தால்தான் அதிசயம். இப்போது ஊரோடு வந்துவிட்டேன், லிப்டும் இல்லை, பட்டறையும் இல்லை. ஆள் பிடிப்பதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தம்பி, வேகம் சீரானதும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும். அப்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சுற்றும், டீசல் மிச்சமாகும். ஆயில் பழசாகிக் கெட்டுப்போனால் அந்தக் கிளட்ச் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். நீங்கள் சொல்லும் 60, 70 உதறல் இதுதான். காலை எடுத்தால் பூட்டு திறந்துவிடும், உதறல் நின்றுவிடும். உங்கள் மஞ்சள் விளக்குக்குப் பின்னால், கம்ப்யூட்டரில் தெரியும் கோளாறு எண் பி 0741 ஆக இருந்தால் கணக்கு சரி; அந்தப் பூட்டுக் கிளட்ச் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான எண் அது. பி 0700 என்று மட்டும் சொன்னால் அது கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு என்கிற பொது எண். அதை வைத்து ஒரு பெட்டியைக் குப்பையில் போட முடியாது. எண்ணைக் காகிதத்தில் வாங்குங்கள்.

ஆயில் மாற்றவே வேண்டாம் என்பது வாரண்டி முடியும்வரை செல்லுபடியாகும் பேச்சு. ஜெர்மனியில் கியர்பாக்ஸ் செய்கிற இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டி 91,000 கிலோமீட்டரிலும், எட்டு வயதைத் தொட்டும் நிற்கிறது.

இனி நம் கடற்கரைக்கே உரிய சங்கதி. பல கார்களில் கியர் ஆயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு; கூலன்ட் வாங்கச் சோம்பி அதைப் பிடித்து ஊற்றும் ஓட்டுநர்கள் ஏராளம். உப்பு அந்தக் குழாயை அரித்தால் தண்ணீர் கியர் ஆயிலுக்குள் போகும், ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடும். உரசுதட்டில் ஒட்டியிருக்கும் காகிதப் பூச்சு தண்ணீரில் ஊறிப் பெயர்ந்துவிடும். அப்படி ஆகியிருந்தால் சர்வீஸ் சென்டர்காரர் சொன்ன தொகை வாயடைக்கும் அளவுக்கு நியாயம்தான். ஆகவே முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஆயில் மிதக்கிறதா என்று பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு.

அடுத்து, லிப்ட் உள்ள ஒரு பட்டறையில் கியர்பாக்ஸின் அடிப்பாத்திரத்தைக் கழற்றச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறச் சாந்து படிந்திருந்தால் வழக்கமான தேய்மானம். விரலால் தேய்த்துப் பாருங்கள். இரும்புச் சீவல் குத்தினால் பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். வடித்த ஆயிலில் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விடுங்கள். சடசடவென்று தெறித்தால் தண்ணீர் இருக்கிறது. இவ்வளவுக்கும் ஸ்கேனர் தேவையில்லை. சர்வீஸ் சென்டரில் இதைச் செய்யாததற்குக் காரணம், அவர்கள் பெட்டியைப் பிரிப்பதே இல்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் ஏற்பாடு அது.

ஆயிலை இயந்திரம் வைத்து அழுத்தி மொத்தமாகக் கழுவ விடாதீர்கள். வடித்து ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுங்கள். ஒரு தடவையில் பாதி ஆயில்தான் வெளியே வரும், மிச்சம் கன்வெர்ட்டருக்குள் இருக்கும். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஆயில் பம்பு சுற்றாது, இழுத்த இழுப்பில் இருக்கும் பெட்டியும் போய்விடும். தட்டையான லாரியில் ஏற்றுங்கள்.

ராமநாதபுரம் வழக்கறிஞர்:

காக்கா சொன்னதோடு ஒரு வரி. எஸ்டிமேட் அதிகமாகக் கொடுத்தார்கள் என்பதற்காக மட்டும் வழக்கு நிற்காது. பணம் வாங்கிக்கொண்டு கோளாறைத் தீர்க்காவிட்டால்தான் சேவைக் குறைபாடு. எது செய்தாலும் எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம்; மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. முதல் படியாக நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம்.

மண்டபம் நண்டு வியாபாரி:

காக்கா, எண் பி 0741தான். காகிதத்தில் கேட்டதும் அந்தப் பையன் முகம் மாறிவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் அடிப்பாத்திரத்தைக் கழற்றினார்கள். ஆயில் கன்னங்கரேலென்று வந்தது, கருகிய வாடை. காந்தத்தில் சாந்து மட்டும்தான், சீவல் இல்லை. தகட்டில் விட்டதும் தெறிக்கவில்லை, புகைந்தது. ரேடியேட்டரில் ஆயில் மிதக்கவில்லை. ஆனால் தண்ணீர் துருநிறமாக இருந்தது, முன்னால் வைத்திருந்தவர் புண்ணியம். ஆயிலும் பில்டரும் கூலியும் சேர்த்து 11,500 ரூபாய் ஆனது. காலையில் கியர் உடனே விழுகிறது. உதறல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

கீழக்கரை காக்கா:

அல்ஹம்துலில்லாஹ், பெட்டி பிழைத்திருக்கிறது. இரண்டாவது தடவை வடித்த பிறகும் உதறல் நிற்காவிட்டால், கன்வெர்ட்டரை மட்டும் இறக்கிப் பிரித்துச் சரிசெய்யும் ஆட்கள் மதுரையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். செலவு இருக்கும், ஆனால் 2,85,000 ஆகாது. அந்தத் துரு ரேடியேட்டரை விட்டு வைக்காதீர்கள், ஆயில் வேலை முடிந்த கையோடு மாற்றிவிடுங்கள். இன்னொன்று, ஊற்றிய ஆயில் டப்பாவைப் படம் எடுத்துப் போடுங்கள். சி.வி.டி. என்கிற வேறு வகை ஆட்டோமேட்டிக்குக்கான ஆயிலை ஊற்றிவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் வகையோடு ஒத்துப்பார்த்த பிறகு அடுத்த தடவை வடிக்கலாம்.