மண் வீட்டுக்குக் கூரை: பனையோலையா, ஓடா?

கேள்வி: சென்னைக்கு வடக்கே, கடலுக்குக் கிட்ட இருக்கிற மீஞ்சூர் பக்கம் 20க்கு 15 அடியில் மண் சுவர் எழும்புது. மேலே பனையோலை வேயலாமா, மங்களூர் ஓடா? வெயிலும் தாங்கணும், புயலும் தாங்கணும்.

பதில் 1: குளுமைக்கு ஓலையை அடிச்சுக்க முடியாதுங்க. ஆனா சாய்வு 45 டிகிரி வேணும். குறைஞ்சா தண்ணி வடியாம உள்ளே ஊறி ஓலை மக்கிடும். தென்னங்கீற்றைவிடப் பனையோலை கூடுதலா உழைக்கும். பக்கத்து வீடு நெருக்கமா இருந்தா ஓலையே வேண்டாம், தீபாவளி ராக்கெட் ஒண்ணு போதும்.

பதில் 2: ஓடுன்னா 30 டிகிரி சாய்வு. தரை அளவை வச்சு ஓடு வாங்காதீங்க. நாலு பக்கமும் 3 அடி இறவாணம் (சுவரைத் தாண்டி வெளியே நீளுற கூரை) விட்டா கூரைப் பரப்பு 630 சதுர அடி வரும். ஏறக்குறைய 950 ஓடு, உடைசலுக்கு இன்னொரு 50. இறவாணத்தை மட்டும் குறைச்சுடாதீங்க, தயவுசெஞ்சு. கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ச்சு அடிக்கும், சுவரோட அடி கரைஞ்சிடும். அதே இறவாணத்தைத்தான் புயல்காத்து கீழிருந்து தூக்கும். அதனால கைமரத்தை (கூரையைத் தாங்குற சாய்வு மரம்) சுவர்மேல சும்மா உட்கார வைக்கக்கூடாது. சுவருக்குள்ள 3 அடி ஆழத்துல கம்பி புதைச்சு, சுவர்மேல ஓடுற கட்டையை அதோட இறுக்கி, அதுல கைமரத்தைக் கட்டணும். உப்புக்காத்துல சாதாக் கம்பி துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்க.

கேள்வி கேட்டவர்: ஓட்டுக்கு அடியில உமி பரப்பலாமா?

பதில் 2: வேண்டாங்க. ஈரம் ஏறினா பூஞ்சை பிடிக்கும், எலியும் வரும். ஓட்டுக்கு 4 அங்குலம் கீழே மூங்கில் பாய் கட்டி, முகட்டுல காத்து வெளியேற வழி விடுங்க. ஓட்டுச் சூடு அந்த இடைவெளியிலேயே மேலே போயிடும்.