மறு: மறு: உயரம் கூட்டிய ஜீப்பின் ‘ஹார்ஷ் ரைடு’ – தமிழில் என்ன சொல்லலாம்?

கம்பத்திலிருந்து:

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கம்பம், குமுளி, போடி, சூரியநெல்லி பக்கம் ஜீப் ஓட்டுகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். அடியிலுள்ள வில்லில் கூடுதல் பிளேட் ஏற்றி உயரம் கூட்டிய வண்டிகளில் உட்கார முடிவதில்லை, முதுகு விட்டுப்போகிறது. அதைச் சரிசெய்வது பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. ‘ஹார்ஷ் சஸ்பென்ஷன்’ என்ற தலைப்பை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்தேன். ‘கடுமையான இடைநீக்கம்’ என்று வந்தது. டிரைவரை யாரோ வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். ஒரு நல்ல சொல் வேண்டும்.

சென்னையிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். சக்கரத்தின் அதிர்ச்சி வண்டிக்கு வராமல் தாங்கும் அமைப்பான சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கமைவு’ நன்றாக இருக்கிறது. ஷாக் அப்சார்பருக்கு ‘அதிர்வேற்பி’ என்பது புழக்கத்தில் உள்ளது. நீங்கள் கேட்பதற்குப் ‘பயணக் கடுமை’ என வைக்கலாம்; அதைக் குறைப்பது ‘கடுமை தணித்தல்’. ‘கடுநடை’ என்றும் யோசித்தேன், ஆனால் அது உரைநடையைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. பொறியியல் பாடம் எடுத்த காலத்தில் இதற்குச் சொல் தேட வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்துவிட்டது.

போடியிலிருந்து:

ஐயாவுக்கும் கம்பத்துத் தம்பிக்கும் வணக்கம்.

‘தொங்கமைவு’ எனக்கு ஏற்புதான். என் சண்டை ‘பயணக் கடுமை’யோடு. சொல்லில் குறை இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பிப் பட்டறைக்குப் போகிறவன் வேண்டாத வேலையைச் செய்துகொண்டு காசையும் கொடுத்துவிட்டு வருவான்.

போடியில் ஏதாவது ஒரு ஜீப் பட்டறையில் காலை நேரம் போய் நில்லுங்கள். “கெடந்து உதைக்கிதுண்ணே” என்பான் ஒருவன். “ஒரு பள்ளத்துல விட்டா அடுத்த வளைவு வரைக்கும் துள்ளுது” என்பான் அடுத்தவன். “கல்லுல எறங்குறப்ப டம்முனு முட்டுது” என்பான் இன்னொருத்தன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் ‘ஹார்ஷ்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். நம் ஆட்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிரித்ததை நாம் ஏன் கலைச்சொல் என்ற பெயரில் திரும்பச் சேர்த்துக் கட்ட வேண்டும்? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைக் கெடுக்கும்.

முதலில் உதைப்பு. கொழுக்குமலை எஸ்டேட் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறுவது இடுக்கிப் பக்கம் சூரியநெல்லியிலிருந்துதான். பாதை என்று பெயர், மற்றபடி கல்லும் பாறையும். வண்டி நடை வேகத்தில்தான் போகும். அந்த வேகத்திலும் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக இடுப்புக்கு வந்து சேர்ந்தால் அது உதைப்பு. வில் தன்மேல் இருக்கும் பாரத்துக்கு மிஞ்சி விறைத்திருக்கிறது என்று அர்த்தம்.

‘வில்’ என்று எழுதுவதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வில்வண்டியில் இருந்த அதே வில்தான் ஜீப்பின் அடியிலும் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கமும் இதே பெயர்தான்: 1893-இல் திருவிதாங்கூரில் தலித் தலைவர் அய்யன்காளி, தம் மக்களுக்கு இருந்த தடையை மீறிப் பொதுச்சாலையில் ஓட்டிச் சென்ற வண்டியை மலையாளத்தில் ‘வில்லுவண்டி’ என்றே சொல்கிறார்கள். லாரிக்காரர்கள் ‘கமான் பட்டை’ என்கிறார்கள், இங்கே ‘பிளேட்’ என்கிறோம். மொத்தக் கட்டுக்கு வில், தனித்தனித் தகட்டுக்குப் பட்டை என்று கையேட்டில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இந்த விறைப்பு எவ்வளவு என்பதை டேப் வைத்தே அளந்துவிடலாம். வண்டியின் பாரத்தில் வில் எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ அதிலிருந்து அலைவெண், அதாவது வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது, கிடைக்கும். 25 செ.மீ. அமுங்கியிருந்தால் நொடிக்கு ஓர் அலைவு. 6 செ.மீ. என்றால் இரண்டு. ஒன்றரை செ.மீ.தான் என்றால் நான்கு. சாதாரணக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருக்கும். மேலும் கீழுமான அதிர்வை உட்கார்ந்திருக்கும் உடம்பு மிக அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரை, உடம்பில் படும் அதிர்வை மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. 2631 தரமும் அந்த வரம்புக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. உயரம் கூட்டுகிறேன் என்று பட்டைகளை அடுக்க அடுக்க, வண்டி அந்த இடத்தை நோக்கித்தான் நகர்கிறது.

பட்டையின் தடிமன் விஷயம் இன்னும் மோசம். விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறும். 6 மி.மீ. பட்டை இருந்த இடத்தில் 8 மி.மீ. பட்டை போட்டால், ‘ரெண்டு மில்லிதானேண்ணே’ என்று தோன்றும். அந்தப் பட்டையின் விறைப்போ இரண்டேகால் மடங்கையும் தாண்டியிருக்கும். சுற்றுலாப் பயணிகளோடு ஏறும்போது சுகமாகப் போகிற வண்டி, ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஏன் உதைக்கிறது என்பதற்கும் இதுதான் விடை. அந்த வில் முழுப் பாரத்துக்குக் கட்டியது. வின்ச், இரும்பு பம்பர் எல்லாம் மாட்டுவார்கள் என்று கணக்குப் போட்டு விற்கிற, உயரம் கூட்டும் லிஃப்ட் கிட்டை வெறும் வண்டிக்கு மாட்டினாலும் இதே கதை.

விறைப்பு மட்டுமல்ல, உராய்வும் சேர்ந்துகொள்கிறது. பழைய வில்லின் பட்டைகளை நடுவில் கோர்த்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றிப் பட்டைகளை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தால் தெரியும்: ஒவ்வொரு பட்டையின் முனையும் தனக்கு மேலே இருக்கும் பட்டையின் வயிற்றில் பளபளவென்று ஒரு பள்ளம் தோண்டியிருக்கும். பள்ளத்தைச் சுற்றித் துரு. முனை அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால், சின்னக் கல்லுக்கெல்லாம் வில் அசையவே அசையாது. அந்த நேரத்தில் வண்டிக்கு வில்லாக மிஞ்சுவது டயர் மட்டும்தான். நல்ல பட்டறைக்காரர் முனைகளைக் கிரைண்டரில் சரித்து, ஓரத்தை உருட்டி, துருவைத் தேய்த்து எடுத்து, முனைக்கடியில் பிளாஸ்டிக் பட்டி வைத்து அல்லது கிராஃபைட் கிரீஸ் தடவிக் கோர்ப்பார். ஒரு பட்டையைக்கூட எடுக்காமல் பாதி உதைப்பு இதிலேயே போன வண்டிகள் உண்டு. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கூடுதலாக ஏற்றியதை எடுக்கலாம். முனைகளில் வளையமாகச் சுருண்ட காதுள்ள முதல் பட்டையையும், அதைத் தழுவி நிற்கும் இரண்டாம் பட்டையையும் தொடக்கூடாது. முதல் பட்டை ஒடிந்தால் அச்சைப் பிடித்து வைப்பது இரண்டாவதுதான்.

காது என்றதும், வில்லின் காதை வண்டியின் சட்டமான சேஸிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷாக்கிள் நினைவுக்கு வருகிறது. வில் அமுங்கும்போது நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் ஒரு காதை ஷாக்கிளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வளைவைக் கூட்டி உயர்த்தினால் இரு காதுகளுக்கும் நடுவில் தூரம் குறைகிறது. ஷாக்கிள் செங்குத்தாகவோ, ஒருபடி மேலே போய் உள்பக்கம் சாய்ந்தோ நிற்கிறது. வில் நீளப் பார்க்கும்போது, வெளிப்பக்கம் விலகிக் கொடுக்க வேண்டிய ஷாக்கிள் முதலில் சேஸிஸையே தூக்கியாக வேண்டும். அந்த அடி நேராக ஆளுக்கு வரும். இதற்கு வில்லைத் தொடவே வேண்டாம். ஷாக்கிளின் நீளத்தையோ, மாட்டியிருக்கும் இடத்தையோ மாற்றினால் போதும். ரப்பர் புஷ் (உறை) உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிடுகிற பழக்கமும் இங்கே இருக்கிறது. சக்கரம் தரையில் பதிந்து பாரம் இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

காற்றைக் குறைப்பதும் உதைப்புக்கு மருந்துதான், ஆனால் பாறைப் பாதையில் மட்டும். தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப நிரப்பாமல் போடிமெட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

துள்ளல் வேறு சங்கதி. வில் தன் வேலையைச் செய்துவிட்டது, அதை அடக்குவதற்குத்தான் ஆளில்லை. எண்ணெய் கசிந்துபோன ஷாக் அப்சார்பரைக் கையால் அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும். உயரமும் பாரமும் கூடிய வண்டிக்குக் கம்பெனி கொடுத்த பழைய ஷாக் அப்சார்பர் போதாமலும் போகலாம். இங்கே செய்ய வேண்டியது இறுக்குவது. ‘கடுமை’ என்று புத்தகத்தில் படித்துவிட்டு ஒருவன் துள்ளுகிற வண்டியில் பட்டையை உருவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதனாலேயே ‘அதிர்வேற்பி’யும் எனக்கு உறுத்துகிறது. அதிர்ச்சியை ஏற்பது வில். அந்தக் குழாய் செய்வது, எண்ணெயைச் சின்னத் துவாரங்கள் வழியே தள்ளி ஆட்டத்தை அடக்குவது. ‘தணிப்பான்’ என்றால் தொழிலுக்கேற்ற பெயராக இருக்கும்.

முட்டு பற்றிச் சுருக்கமாக. வில்லை உயர்த்தியவர்கள் ஷாக் அப்சார்பரைப் பழைய நீளத்திலேயே விட்டுவிடுவார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது முழுதாக இழுபட்டு டக்கென்று நிற்கும். சில வண்டிகளில் நேர்மாறாக, நீளமானதைப் போட்டு அது அமுங்கும்போது அடிமுட்டும். சக்கரம் மேலே வரும்போது தடுக்க வேண்டிய முட்டு ரப்பரும் பாதிக்கு மேல் வண்டிகளில் தேய்ந்து கிடக்கிறது. அளந்து சரியான நீளம் மாட்டினால் தீர்ந்தது. பட்டையோ காற்றோ இதற்குச் சம்பந்தமில்லை.

ஆகவே உதைப்பு, துள்ளல், முட்டு என்று மூன்றும் கையேட்டில் தனித்தனியாக வரட்டும். ‘மென்மையாக்கல்’ வேண்டாம், ‘இளக்குதல்’ போதும். பட்டறையில் அதைத்தான் சொல்கிறார்கள். அத்தியாயத் தலைப்பு ‘உதைப்பை இளக்குவது’. துள்ளலும் முட்டும் அதற்குள் ‘இளக்கக் கூடாதவை’யாக வரலாம்.

இன்னொன்று. உயரம் கூட்டுவதே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கும். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு கேரளத்திலிருந்து போனதுதான். ஏற்றிய பட்டையை எடுத்தால் முதுகுக்கும் நல்லது, செக்போஸ்ட்டிலும் நல்லது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

போடி அண்ணைக்கு வணக்கம். பிரிச்சது நல்ல விசயம். ஆனால் ‘உதைப்பு’ எண்டால் எங்கட பாடப்புத்தகத்தில வேற. திரவத்துக்குள்ள அமிழ்ந்த பொருளில மேல்நோக்கித் தாக்கிற விசையை நாங்கள் ‘மேலுதைப்பு’ எண்டு படிச்சனாங்கள். பௌதிகம் படிச்ச பிள்ளை உங்கட கையேட்டில ‘வில்லின் உதைப்பு’ எண்டு கண்டால், வில் மேல தள்ளுற விசை எண்டுதான் விளங்கிக்கொள்ளும். அது உண்மையிலேயே இருக்கிற விசை எண்டதால குழப்பம் இன்னும் கூடும். ‘குலுக்கம்’ எண்டு வைக்க ஏலாதோ?

போடியிலிருந்து:

தம்பி சொல்வது சரியான தடை. ஆனால் ‘குலுக்கம்’ துள்ளலுக்கும் பொருந்திவிடும், ஸ்டியரிங் ஆட்டத்துக்கும் பொருந்திவிடும். அது மறுபடி ஒரே மூட்டை. ‘வில்லின் உதைப்பு’ என்று எங்கும் எழுத வேண்டாம். ‘வண்டியின் உதைப்பு’ என்றே எழுதலாம். விசைக்கு உரியவர் வில், குணத்துக்கு உரியவர் வண்டி. இன்னும் நல்லது, முடிந்த இடத்திலெல்லாம் வினையாகவே போடுவது: ‘வண்டி உதைத்தால் முதலில் ஷாக்கிளைப் பாருங்கள்.’ இதைப் படித்து யாரும் ஆர்க்கிமிடீசை நினைக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து:

‘பயணக் கடுமை’யைத் திரும்பப் பெறமாட்டேன். கார் விளம்பரம், வாகன மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு மூன்றையும் அடக்கிய பொதுச்சொல் ஒன்று தேவைப்படும், அங்கே அது இருக்கட்டும். பழுது பார்க்கும் கையேட்டுக்குப் போடியார் பிரிவே சரி. ‘தணிப்பான்’ எனக்குப் பிடித்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ‘தடையுறு அலைவு’ என்று இருப்பதால் ‘தடைப்பான்’ என்று யாராவது கிளம்புவார்கள். வேண்டாம், அது பிரேக்கின் இடம்.

கம்பத்திலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. அத்தியாயத்தின் முதல் படியைச் சூரியநெல்லி டிரைவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். உதைப்பு, முட்டு இரண்டுக்கும் தலையை ஆட்டினார். துள்ளல் என்றதும், “நாங்க சாட்டம்னுதான் சொல்லுவோம்” என்றார். அவருக்கு வீட்டில் தமிழ், ஸ்டாண்டில் மலையாளம். எனவே இடுக்கிப் பக்கம் போகும் பிரதிகளில் ‘துள்ளல், அதாவது சாட்டம்’ என்று போடுகிறேன். ஷாக் அப்சார்பரை முதல் இடத்தில் மட்டும் ‘தணிப்பான் எனும் ஷாக் அப்சார்பர்’ என்று எழுதி, பிறகு தணிப்பான். ஷாக்கிள் ஷாக்கிளாகவே இருக்கும்.

அடுத்த அத்தியாயம் ஸ்டியரிங். உயரம் கூட்டிய வண்டிகளில் ஒரு குழியில் பட்டதும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று ஆட ஆரம்பித்து, வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காது அல்லவா, ஆங்கிலத்தில் ‘டெத் வாபிள்’ என்கிறார்கள். அந்தப் பெயரில் இருக்கிற சாவு தமிழுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.