டிப்ளோடீனா, டயாகைனெசிஸா? எப்படிப் பிரித்துச் சொல்வது?

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். மியாசிஸை (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவை)ப் பிள்ளைகள் படத்தில் மட்டும் பார்த்தால் போதாது என்று, வெங்காயப் பூமொட்டின் மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் நசுக்கி ஸ்லைடு போட்டேன். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள், அப்படியானால் 8 ஜோடிகள். ஒரு செல்லில் எட்டையும் எண்ண முடிந்தது, அவ்வளவு சந்தோஷம்!

குரோமோசோம்கள் எதிரெதிர் முனைகளுக்கு விலகும் அனாஃபேஸில் சிக்கல் இல்லை. முதல் பிரிவில் ஜோடிகள் விலகுகின்றன, சகோதரி குரோமாட்டிடுகள் (ஒரே குரோமோசோமின் இரு நகல்கள்) ஒட்டியே போகின்றன. இரண்டாம் பிரிவில்தான் அவையும் பிரிகின்றன. பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

திணறுவது முதல் புரோஃபேஸின், அதாவது முதல் பிரிவின் தொடக்கக் கட்டத்தின், கடைசியில் அடுத்தடுத்து வரும் இரண்டு நிலைகளில். டிப்ளோடீனில் ஜோடிகள் விலகத் தொடங்கி கயாஸ்மா (ஜோடிகள் குறுக்காக இணைந்திருக்கும் இடம்) தெரியும். டயாகைனெசிஸில் குரோமோசோம்கள் இன்னும் சுருங்கும், கயாஸ்மா முனைக்கு நகரும், நியூக்ளியோலஸ் (உட்கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டை) மறையும். பாடம் சரிதான். ஆனால் லென்ஸுக்குக் கீழே ஒரு சிவப்புச் சுருள், "இது எது மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டபோது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஸ்லைடு பார்த்துப் பழகியவர்கள் எந்த அடையாளத்தை முதலில் தேடுவீர்கள்? மொட்டு எந்த அளவில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குப் பறிக்க வேண்டும்? அடுத்த வாரம் மறுபடி செய்யப்போகிறேன். உங்களிடம் தெளிவான படம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.